நாலு நொடிச் சாபம்

என் அத்தை அம்சம் எனக்குச் சாபம் விட்டு மூன்று வருஷம் ஐந்து மாதம் ஆகிறது. சாபம் மொத்தம் நாலே நொடி. வாய்ஸ் மெசேஜில் வந்தது. "நல்லா இரும்மா." அவ்வளவுதான்.

இதில் என்ன சாபம் இருக்கிறது என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்தில் பிறக்காதவர்கள். "நாசமாப் போ" என்பதை எங்கள் ஊரில் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வார்கள். வரப்பை மேய்ந்த ஆட்டைப் பார்த்துச் சொல்வார்கள், நிற்காமல் போன டவுன்பஸ்ஸைப் பார்த்துச் சொல்வார்கள், பெற்ற பிள்ளையைக் கொஞ்சும்போதுகூடச் சொல்வார்கள். அதெல்லாம் சேர்த்தியில்லை. நிஜமாகவே மனசு விட்டுப்போனால்தான் "நல்லா இரு" வரும். "நல்லா"வில் ஒரு இழுப்பு, "இரு"வில் ஒரு வெட்டு. கூடவே "ம்மா" என்று மரியாதையும் ஒட்டிக்கொண்டால் முடிந்தது கதை.

தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். அத்தை என் அப்பாவின் கூடப்பிறந்தவள். அவள் மகன் அன்பரசன் எனக்கு முறை மாப்பிள்ளை. அறுவடை மெஷின் ஓட்டுகிறான், நல்லவன். பெண் கேட்டு அத்தை தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் இருந்தேன். அப்பா போனில் கேட்டார். எனக்கு நேரில் சொல்லத் தைரியமில்லை. "கல்யாணம்லாம் வேணாம்ப்பா, அத்தைகிட்ட எதையாவது சொல்லி அனுப்பிடுங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். எங்கள் அப்பாவுக்கு ஸ்பீக்கர் இல்லாமல் போன் கேட்கத் தெரியாது. நடு வீட்டில், தட்டோடு உட்கார்ந்திருந்த அத்தையின் எதிரில், "எதையாவது சொல்லி அனுப்பிடுங்க" என்று என் குரல் கணீரென்று கேட்டிருக்கிறது. அத்தை போனை வாங்கி, பதிலுக்கு அந்த நாலு நொடியைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

அன்பரசன் என்னைவிட சந்தோஷப்பட்டான் என்பது தனிக்கதை. அவன் ஏற்கெனவே கனிமொழி என்ற பெண்ணோடு போனில் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தான். அவளையே கட்டிக்கொண்டான், ஒரு குழந்தையும் இருக்கிறது, அத்தைக்கு மருமகள் என்றால் உயிர். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். அத்தை மட்டும் என்னோடு பேசமாட்டாள்.

எனக்கு அது தாங்கவில்லை. முதன்முதலாக நான் விளையாடிய கேம் அத்தையின் பட்டன் போனில் ஓடிய பாம்புதான். அவள் முந்நூறு எடுத்தால் நான் முந்நூற்றுப் பத்து எடுப்பேன்; அவள் நடவுக்குப் போகிற அவசரத்திலும் முந்நூற்று இருபது எடுத்துவிட்டுத்தான் கிளம்புவாள். மற்ற பிள்ளைகளுக்கு அத்தை என்றால் பலகாரம். எனக்குக் கூட்டாளி. சாபத்தில் நம்பிக்கை உண்டா என்றால் இல்லை. ஆனால் ஸ்கூட்டி நடுரோட்டில் நின்றாலும், பல்லில் கல் கடிபட்டாலும், "நல்லா இரும்மா" என்று காதில் ஒரு தடவை ஓடும்.

இப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு கேமில் சாபம் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று வடிவமைக்கச் சொன்னார்கள்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே எங்கள் ஸ்டூடியோ. ஷமீராக்கா முதலாளி. ஃபஹத் கோடு எழுதுவான். ஸ்பெல் என்கிற மந்திர வித்தை, சண்டை, பூதம் எல்லாம் என் பொறுப்பு. எங்கள் கேமின் பெயர் 'கடைமடை'. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல் கடைமடை. வராமலே போகிற வயலும் அதுதான். வழியில் மதகுகளை அடைத்துக்கொண்டு பூதங்கள் உட்கார்ந்திருக்கும். பரிதி என்ற பெண் அரிவாளோடு போய் ஒவ்வொன்றாகச் சண்டை போட்டுத் தண்ணீரைக் கடைமடைக்குக் கொண்டுவர வேண்டும். அடிபட்டால் கஞ்சி குடித்துத் தெம்பை ஏற்றிக்கொள்ளலாம்.

அரிவாள் போக அவளுக்கு நான் கொடுத்த ஸ்பெல் 'மண் தூற்றல்'. பச்சைப் பொத்தானை அமுக்கினால் பரிதி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பூதத்தைப் பார்த்துத் தூற்றுவாள். பன்னிரண்டு நொடிக்குச் சாபம் அதன் மேல் நிற்கும். அதன் அடி பாதியாகக் குறையும். அது தின்பதெல்லாம் அதற்கே விஷமாகும். சாபம் நிற்கும்போதே அது செத்தால், சாபம் பக்கத்துப் பூதத்துக்குத் தாவும். தூற்றும்போதும் தாவும்போதும் சாபக் குரல் ஒலிக்கும். குரலுக்கு ஆள் கிடைக்கும்வரை தற்காலிகமாக ஏதாவது போடுவோம் என்று என் போனில் இருந்த அந்த நாலு நொடியையே போட்டுவிட்டேன். என்னிடம் இருந்ததிலேயே தரமான சாபம் அதுதான். யார் குரல் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வந்தது வினை. கேமை வெளியிடப்போகும் பெங்களூர்க் கம்பெனியின் டெஸ்டர் தஹ்மீனா விளையாடிப் பார்த்துவிட்டு மெயில் போட்டிருந்தாள். 'அரிவாளை நான் உருவவே இல்லை. வரப்பில் நின்று மண்ணைத் தூற்றியே மொத்த வாய்க்காலையும் முடித்துவிட்டேன். மதகடைப்பான் என்ற பெரிய பூதம் சாகும்போது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் ஸ்பெல்லைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் தூக்கிவிடுங்கள்.'

தூக்குவதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஸ்பெல்லைத் தூக்கினால் 'கடைமடை' வெறும் அரிவாள் சண்டை. அது மாதிரி ஆயிரம் இருக்கிறது.

ஒரு சாபத்துக்கு இவ்வளவு மந்திர சக்தி செலவாகும் என்று வைத்துப் பார்த்தோம். விளையாடிப் பார்த்தவர்கள் சக்தியைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரேயடியாகத் தூற்றினார்கள். ஒரு சாபத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று வைத்தோம். அந்த அரை நிமிஷமும் பனைமரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள், பூதம் பின்னாலேயே ஓடியது, பார்க்கச் சகிக்கவில்லை. சாபத்தின் வீரியத்தைக் குறைத்தோம். சாபம் மாதிரியே இல்லை, சளி பிடித்த மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஷமீராக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"பூவி, நீ யாருக்காவது சாபம் விட்டிருக்கியா?"

"விட்டதில்லக்கா. வாங்கியிருக்கேன்."

"அதான் ஸ்பெல் ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு. வாங்குனவனுக்கு என்ன ஆவும்னு பிச்சு உதறியிருக்க. விட்டவளுக்கு என்ன ஆவும்? அவ பாட்டுக்குக் கஞ்சி குடிச்சுக்கிட்டு நிக்கிறா."

ஃபஹத் உடனே முத்துப்பேட்டையில் இருக்கும் அவன் அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டான். "உம்மா, நீங்க யாரையாச்சும் சபிச்சிருக்கீங்களா?" என்று கேட்டதுதான் தாமதம், மறுமுனையில் கமருன்னிஸாம்மா பதறிவிட்டார். "யாருடா வாப்பா உன்னைய என்ன பண்ணுனா? நான் யாரையும் சபிக்க மாட்டேன்பா. ரொம்ப மனசு நொந்துச்சுன்னா, அல்லாஹ் பாத்துக்குவான்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துருவேன், அவ்வளவுதான்." போனை வைத்துவிட்டு ஃபஹத் எங்களைப் பார்த்தான். அதைவிடப் பெரிய சாபம் உண்டா என்று மூன்று பேருக்குமே தோன்றியது. ஆனால் ஸ்பெல்லுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

"உனக்கு யாரு விட்டா?" என்றார் ஷமீராக்கா.

வாயை விட்டு மாட்டிக்கொண்டேன். சொன்னேன்.

"போய் அவங்களையே கேட்டுட்டு வா."

"எங்கிட்ட பேச மாட்டாங்கக்கா."

"ஃபஹத்தைக் கூட்டிட்டுப் போ. அவன்கிட்ட பேசுவாங்கல்ல?"

புதன்கிழமை காலை திருவையாறு ரோட்டில் எங்கள் ஊருக்கு வண்டியை விட்டோம். ஃபஹத் முதுகில் லேப்டாப்பும் கன்ட்ரோலரும். சம்பா நடவு மும்முரம். அத்தை இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர் பார்க்கிறாள். நடவு மெஷின் வயலின் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் திரும்ப முடியாத மூலைகளில் அத்தையும் இன்னும் இரண்டு பெண்களும் கையால் நட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அத்தை நிமிர்ந்தாள். சேலையை உதறினாள். பிறகு நேராக ஃபஹத்தைப் பார்த்தாள்.

"வாங்க தம்பி. வெயில்ல நிக்கிறீங்களே. கூட யாரு வந்திருக்கா?"

நான் அவளிடமிருந்து மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"பூவிழிம்மா. உங்க அண்ணன் பொண்ணு" என்றான் ஃபஹத்.

"அப்படியா. என்னா சோலியா வந்துச்சாம்?"

ஃபஹத் என் பக்கம் திரும்பினான். "என்ன சோலியா வந்தன்னு கேக்குறாங்க."

"காது கேக்குதுடா எனக்கு. ஒரு கேம் விஷயமா உங்களைப் பாக்க வந்தோம்னு சொல்லு."

"கேம் விஷயமாம்மா."

"காது கேக்குது தம்பி எனக்கும்."

ஃபஹத் பாவம். வாலிபால் கோர்ட்டில் வலை மாதிரி நடுவில் நின்றான். சாபம் விட்டால் விட்டவர்களுக்கு என்ன ஆகும் என்று தெரிய வேண்டும் என்று நான் சொல்ல, அவன் சொல்ல, அத்தை, "சாபமா? எனக்கு என்னத்தத் தெரியும்? நான் யாருக்கு விட்டேன்?" என்று ஆகாயத்தைப் பார்த்தாள். ஆனால் கன்ட்ரோலரைப் பார்த்துவிட்டாள். அவள் கண் அதில் நின்றதை நான் கவனித்தேன்.

"அது என்னா தம்பி, பட்டனு பட்டனா?"

அவ்வளவுதான். வரப்போரம் வாகை மரத்தடியில் லேப்டாப் திறந்தது. வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள் அத்தை. முதல் பூதம் அவளை இரண்டு தடவை கொன்றது. மூன்றாவது தடவை அவள் அதைக் கொன்றாள். பாம்பை வளைத்து வளைத்து ஓட்டிய கட்டை விரல் எதையும் மறக்கவில்லை. அரிவாளை வீசுகிறாள், உருளுகிறாள், கஞ்சியைக் குடிக்கிறாள், மறுபடி வீசுகிறாள். நட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் வந்து பின்னால் நின்றுவிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்ல முடியவில்லை என்பது வேறு.

ஐந்து பூதங்கள் சேர்ந்து வரும் இடம் வந்தது.

"இந்தப் பச்சைப் பட்டனு எதுக்குத் தம்பி?"

"அதாம்மா சாபம். அமுக்கிப் பாருங்க."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "வேணாம், அமுக்காதீங்க!" என்று கத்திவிட்டேன்.

நான் வேண்டாம் என்று சொன்னதை அத்தை செய்யாமல் இருப்பாளா? அமுக்கினாள். பரிதி குனிந்தாள். மண்ணை வாரினாள். தூற்றினாள்.

"நல்லா இரும்மா."

அத்தையின் குரல் வயல்வெளி முழுக்கக் கேட்டது. முதல் பூதம் விழுந்தது. சாபம் இரண்டாவதுக்குத் தாவியது. "நல்லா இரும்மா." மூன்றாவது. "நல்லா இரும்மா." நான் லேப்டாப்பை மூடப் பாய்ந்தேன், வரப்புச் சேற்றில் வழுக்கி உட்கார்ந்தேன். நாலாவது. ஐந்தாவது. அதற்குப் பிறகு மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அத்தை கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

"தம்பி, இது என் குரலுதானே?"

ஃபஹத்துக்கே அப்போதுதான் விளங்கியது. என்னைப் பார்த்தான். நான் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"இத்தன கசப்பாவா சொன்னேன்?" என்றாள் அத்தை, யாரையும் பார்க்காமல். பிறகு, "இன்னமும் வச்சிருக்காளாமா இதை? எதுக்காம்?"

"எதுக்கு வச்சிருக்கன்னு..." என்று ஃபஹத் ஆரம்பித்தான்.

"மூணு வருஷமா அத்தையோட குரல்னு எங்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்னு சொல்லு" என்றேன்.

ஃபஹத் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தபடி அவனிடமே பேசினாள்.

"விட்டவளுக்கு என்னா ஆவும்னு கேட்டீங்கல்ல. சோறு எறங்காது தம்பி. உங்க கேமுல அந்தப் பொண்ணு மண்ணத் தூத்திட்டு மறுநிமிசம் கஞ்சி குடிக்கிறா. எப்படிக் குடிப்பா? நான் மூணு நாளு ஒரு வாய் திங்கல. பச்சத் தண்ணி கசந்துச்சு. இதை எடுத்தாத்தான் எனக்கு விமோசனம்னு மூணாம் நாளு பஸ் ஏறி தஞ்சாவூருக்குப் போனேன்."

"போனிலேயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"விடறத எங்கேருந்து வேணா விடலாம் தம்பி. எடுக்கிறதுன்னா மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துத்தான் எடுக்கணும். ஹாஸ்டல் வாசல்ல போயி நின்னேன். பூவிழி இல்ல, ஊருக்குப் போயிருக்குன்னு வார்டனம்மா சொன்னாங்க. ஆனா அவ செருப்பு வாசல்லயே கெடந்துச்சு. நான் வாங்கிக் குடுத்த செருப்பு. எனக்குத் தெரியாதா?"

தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அன்று நான் உள்ளேதான் இருந்தேன். அத்தை வருகிறாள் என்று ஜன்னலில் பார்த்துவிட்டு, கல்யாணப் பேச்சுதான் என்று பயந்து, இல்லை என்று சொல்லச் சொன்னதே நான்தான். செருப்பை மறந்துவிட்டேன்.

"அப்பறம் என்னம்மா பண்ணீங்க?"

"என்னா பண்றது? செருப்பைப் பாத்துச் சொல்லிட்டு வந்துட்டேன். சொன்னது சொல்லாததாப் போவட்டும்னு. பாதிச் சோறு எறங்குச்சு."

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், மூன்று வருஷமாக என்னிடம் இருப்பதில் கெட்டுப்போகாத ஒரே சாமான் அந்தச் செருப்புதான். போன் போச்சு, ஸ்கூட்டி போச்சு, செருப்பு மட்டும் இன்னும் உழைக்கிறது.

எழுந்து நின்றேன். இதை ஃபஹத் வழியாகச் சொல்ல முடியாது.

"அத்தே, அன்னிக்கு நான் உள்ளதான் இருந்தேன். வாய்ஸ் மெசேஜ் போட்டதும் தப்பு, ஒளிஞ்சதும் தப்பு. அன்பரசன் வேணாம்னு சொன்னது தப்பில்ல. ஆனா உங்க வாசல்ல வந்து நின்னு சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். மன்னிச்சிருங்க."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். இரண்டு முடி நாற்றைப் பிரித்து நட்டபிறகுதான் குரல் வந்தது, அதுவும் ஃபஹத்துக்கு.

"தம்பி, அந்தக் குரலை மொதல்ல கேமுலேருந்து எடுக்கச் சொல்லுங்க. அது எங்க வூட்டு விசயம். சாபக்குரல் வேணும்னா நாளைக்கு நடவு முடிஞ்சதும் நானே வந்து வேற சொல்லித் தர்றேன். உங்களுக்காக."

தஞ்சாவூருக்குத் திரும்பினோம். பள்ளியக்ரஹாரம் பாலம் தாண்டும்போது ஃபஹத், "விடறது எங்கேருந்து வேணா, எடுக்கிறது நேர்ல" என்றான். நான் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டியை ஓரம் கட்டி அங்கேயே நோட்டில் எழுதினோம்.

வேலை சுலபம், விஷயம் தெரிந்தபிறகு எல்லாம் சுலபம்தான். பன்னிரண்டு நொடிக் கணக்கை எடுத்துவிட்டோம். சாபம் தானாகப் போகாது. பரிதி எவ்வளவு தூரத்திலிருந்தும் மண்ணைத் தூற்றலாம், யார் மேல் வேண்டுமானாலும் தூற்றலாம். ஆனால் அவள் விட்ட சாபம் எங்காவது ஒரு பூதத்தின் மேல் நிற்கும்வரை அவளுக்குக் கஞ்சி இறங்காது. தெம்பு ஏறாது. ஐந்து பூதத்தின் மேல் தூற்றியிருந்தால் ஐந்தும் அவள் வயிற்றில் நிற்கும். எடுக்க வேண்டும் என்றால் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று நடந்துபோய், பூதத்தின் முகத்துக்கு நேரே நின்று பச்சைப் பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும். சாபம் நீங்கிய பூதத்துக்கு முழுப் பலமும் திரும்பிவிடும். அவளுக்கும் பசி திரும்பும்.

அன்று சாயங்காலமே ஷமீராக்கா விளையாடிப் பார்த்தார். ஆறு தடவை செத்தார். ஏழாவது தடவை, ஒரே ஒரு அடி தாங்கும் தெம்போடு மதகடைப்பானின் முகத்துக்கு முன்னால் போய் நின்றபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இதுக்குப் பேருதான் சாபம்" என்றார்.

பாக்கி, குரல்தான்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அத்தை மாடிப்படி ஏறி வந்தாள். கையில் தூக்குச்சட்டி. நகக்கண்ணில் சேறு. ஷமீராக்காவுக்கு வணக்கம் சொன்னாள், ஃபஹத்தை நலம் விசாரித்தாள், என்னைத் தாண்டிப் போனாள். மெத்தைகளைச் சுவரில் சாய்த்து நாங்களே செய்த ஒலிப்பதிவு அறையில் மைக்குக்கு முன்னால் நின்றாள். எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது.

"யாரைப் பாத்துச் சொல்லணும் தம்பி?"

"நாற்காலியில பூதம் இருக்கிற மாதிரி நெனச்சுக்கிடுங்கம்மா."

அத்தை நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள். என் வயல் தண்ணியை அடைத்தவன் இவன்தானா என்கிற பார்வை. "நல்லா இருப்பா நீ" என்றாள். அடுத்த அறையில் ஷமீராக்கா டீ டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. ஃபஹத் தன் கையைத் தூக்கி என்னிடம் காட்டினான். மயிர்க்கால் குத்திட்டு நின்றது. ஒரே டேக். நாற்காலிக்காகவே எனக்குப் பாவமாக இருந்தது.

"இப்ப எடுக்கிறதும்மா. 'சொன்னது சொல்லாததாப் போகட்டும்'னு பேப்பர்ல இருக்கு."

அத்தை வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி முயன்றாள். வானிலை அறிக்கை மாதிரி வந்தது. நாலு தடவை எடுத்தோம், நாலும் வானிலை அறிக்கை.

"எனக்கு வரல தம்பி. நாக்காலியப் பாத்துத் திட்டலாம். நாக்காலியப் பாத்து இதை எப்படிச் சொல்றது?"

ஃபஹத் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தான். நான் கதவைத் திறந்துகொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அத்தை முதலில் பேப்பரைப் பார்த்தாள். பிறகு மைக்கை. பிறகு வேறு வழியில்லாமல் என்னை. மூன்று வருஷம் ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் கண் என் முகத்தில் நின்றது. நெற்றியில் ஆரம்பித்துக் கன்னம், கழுத்தெலும்பு என்று மெதுவாக இறங்கியது.

"சாப்புட்டியாடி?" என்றாள்.

பேப்பரில் அது இல்லை.

"இல்லத்தே."

"மணி மூணாவுது! எலும்பும் தோலுமா நிக்கிறா. இந்த ஊருல சோறே கெடைக்கலியா உனக்கு? கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழு. கண்ணப் பாரு, குழி விழுந்து கெடக்கு..."

மூன்று நிமிஷம் நிற்காமல் திட்டினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை. ஃபஹத் பதிவை நிறுத்தவே இல்லை. வெளியே வந்ததும் ஷமீராக்கா முதல் இரண்டு நொடியை மட்டும் வெட்டி எடுத்து, "இதுதான்" என்றார். பேப்பரைக் கிழித்துப் போட்டார்.

மறுநாள் தஹ்மீனா ஒன்பது தடவை செத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். ஸ்பெல் இருக்கட்டும், கை வைக்காதீர்கள் என்றாள். ஒரே ஒரு சந்தேகமாம்: உயிர் போகிற நேரத்தில் பரிதி பூதத்தின் எதிரே போய் நின்று "சாப்புட்டியாடி"ன்னு கேட்கிறாளே, சரியான ஃபைல்தானா? சரியான ஃபைல்தான் என்றேன்.

அது வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு நான் செய்த வேலை, அத்தையின் தூக்குச்சட்டியைத் திறந்து புளிச்சோறும் வறுத்த கருவாடும் சாப்பிட்டதுதான். அத்தை எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கோவம் போயிருச்சா அத்தே?" என்றேன், வாயில் சோற்றோடு.

"கோவமா? அது எங்க போவும்? சாபம் வேற, கோவம் வேற. மூணு வருசத்துக் கோவம் அப்படியே இருக்கு." கருவாட்டுத் துண்டை என் பக்கம் தள்ளினாள். "ஒரே நாள்ல திட்டித் தீக்க முடியாது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்து கொஞ்சங் கொஞ்சமா வாங்கிட்டுப் போ. ஆள் கீள் அனுப்பாத. நீயே வா."

"வர்றேன் அத்தே" என்றேன்.